பாபநாசம் பக்கத்து வீட்டில் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர்: இரண்டு மார்கழி ஓட்டிய பிறகு

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். இப்போது வீட்டில் இருக்கும் 3 கிலோவாட் ஹீட்டருக்கு 5-க்கு 4. அதைப் பொருத்திக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் அண்ணனுக்கு 5-க்கு 5. இதற்கு முன்னால் வாங்கி மூன்றே வாரத்தில் கழற்றிய 4.5 கிலோவாட் மாடலுக்கு மார்க் போட எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அது மோசமான சாமான் இல்லை, எங்கள் வீட்டுக்கு ஒத்துவராத சாமான். கடையில் ஹீட்டரைப் பார்த்து வாங்குகிறோம், ஆனால் அது ஓடப்போவது நம் வீட்டு ஒயரிலும், நம் டேங்க் தண்ணீரிலும், நம் டிரான்ஸ்பார்மர் தருகிற வோல்டேஜிலும்தான். அந்த மூன்றையும் அளக்காமல் வாங்கியதில் எனக்கு அலைச்சல், பணமும் போனது. டெல்டாப் பக்கம் கிராமத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வீடு பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரக் கிராமம். முன்பக்கம் ஓட்டு வீடு, பின்பக்கம் நான்கு எட்டு தள்ளிக் கொல்லையில் குளியலறை. அதன் மேல் ஸ்டாண்டு கட்டி 500 லிட்டர் டேங்க் வைத்திருக்கிறோம். வீட்டில் நான், கணவர், அம்மா மூன்று பேர். அம்மாவுக்கு 74 வயது. கும்பகோணத்தில் வாங்கிய செம்பு அண்டாவில், தென்னை மட்டையும் பாளையும் கொட்டாங்கச்சியும் போட்டு எரித்து, வெந்நீர் வைத்தே பழக்கப்பட்டவர். முட்டி வலி வந்து குனிந்து அடுப்பு ஊத முடியாமல் போனபோதுதான் வாளியில் போடுகிற வாட்டர் ஹீட்டர் ராடு வாங்கினோம். அந்த ராடு ஒரு தை மாதக் காலையில் அம்மாவைத் தூக்கிப் போட்டது. சுவிட்சை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, சூடு வந்துவிட்டதா என்று அலுமினிய வாளியின் விளிம்பைத் தொட்டிருக்கிறார். நான் ஓடி வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஒரு மணி நேரம் பேச்சு வரவில்லை. ஈரத் தரை, வெறுங்கால், உலோக வாளி, எர்த் இல்லாத ரெண்டு பின் ப்ளக். அன்றைக்கு என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கும். ராடு வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து இன்றைக்கே தூக்கிப் போடுங்கள், அதற்கு மேல் இந்த விஷயத்தில் நான் சொல்ல எதுவும் இல்லை.

வெயில் காலம் வந்ததால் வெந்நீர் பேச்சு அப்படியே தள்ளிப்போனது. ஐப்பசி மழை பிடித்ததும் கும்பகோணத்தில் ஒரு கடைக்குப் போனேன். “எவ்வளவு பவர் அதிகமோ அவ்வளவு சீக்கிரம் சூடு வரும் மேடம், 4.5 எடுத்துக்கங்க” என்றார்கள். சரிதானே என்று வாங்கிவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே இருந்த பவர் ப்ளக்கிலேயே மாட்டியும் கொடுத்துவிட்டார்கள். பத்து நாளில் குளியலறைப் பக்கம் ரப்பர் கருகுகிற வாசனை. ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின் முழுக்கப் பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பாகு மாதிரி இளகி ஒரு பக்கமாக வழிந்து உறைந்திருந்தது. சாக்கெட்டுக்குள்ளே கரி. அதற்குப் பிறகுதான் எங்கள் ஊருக்கு மோட்டார் வேலை பார்க்க வருகிற எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டோம்.

அவர் ஹீட்டரைப் பார்க்கவே இல்லை. நேராக மெயின் போர்டுக்குப் போய் ஒயரை உரித்துப் பார்த்தார். “இது ஒன்றரை ஸ்கொயர் பாப்பா. ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்டது. இதுல இருபது ஆம்பியர் இழுத்தா சுவரே சுடும்” என்றார். ஸ்கொயர் என்பது ஒயரின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள், ஓம் விதியைப் போர்டில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், வீட்டில் அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை என்பது இப்போதும் உறுத்துகிறது. 4,500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 19.6 ஆம்பியர். மாட்டியிருந்த ப்ளக்கே 16 ஆம்பியருக்கானது. மெயின் போர்டிலிருந்து கொல்லைக் குளியலறைக்கு ஒயர் 20 மீட்டர், போக வர 40 மீட்டர். ஒன்றரை ஸ்கொயர் செம்பு ஒயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 12 ஓம் என்று வைத்தால் அந்த 40 மீட்டரில் அரை ஓமுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 19.6 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 185 வாட் சூடு ஒயரிலேயே, சுவருக்குள்ளேயே இறங்குகிறது. ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியைச் சுவருக்குள் புதைத்து வைத்த மாதிரி.

சரி, ஒயரை மாற்றிவிட்டு 4.5-ஐயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு உண்மையிலேயே உதவியது. “மொதல்ல உங்களுக்கு எவ்வளவு வெந்நீர், எவ்வளவு சூட்டுல வேணும்னு பாருங்க. அப்புறம் காலைல ஆறு மணிக்கு வோல்டேஜ் எவ்வளவுனு பாருங்க. ரெண்டையும் எழுதி வைங்க, நான் ஞாயித்துக்கெழமை வரேன்” என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பத்து பைசா வாங்காமல் கிளம்பிவிட்டார்.

கணக்கு சுலபம்தான், யார் வேண்டுமானாலும் போடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4.19 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோவாட் என்பது நிமிடத்துக்கு 60 கிலோஜூல். 60-ஐ 4.19-ஆல் வகுத்தால் 14.3. அப்படியென்றால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வேகத்தில் ஓடுகிற தண்ணீரை ஒரு கிலோவாட் 14.3 டிகிரி ஏற்றும். 3 கிலோவாட்டுக்கு அது 43. உங்கள் தண்ணீரை எத்தனை டிகிரி ஏற்ற வேண்டுமோ அந்த எண்ணால் 43-ஐ வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்று வந்துவிடும். இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதை நாமே சரிபார்க்கலாம்.

பள்ளி ஆய்வகத்துத் தெர்மாமீட்டரை எடுத்து வந்து காலை ஆறு மணிக்கு டேங்க் தண்ணீரைப் பார்த்தேன், 23 டிகிரி. அம்மாவிடம் வெந்நீரை விளாவிக் கொடுத்து “இது போதுமா, இது போதுமா” என்று கேட்டு, அவர் சரியென்று தலையாட்டியபோது அளந்தால் 39. ஆக ஏற்ற வேண்டியது 16 டிகிரிதான். 43-ஐ 16-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 2.7 லிட்டர். எங்கள் வாளி 15 லிட்டர், ஐந்தரை நிமிடத்தில் நிறைந்துவிடும். அம்மா முந்தின இரவு எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு குளியலறைக்குள் நுழைகிற வேகத்துக்கு ஐந்தரை நிமிடம் தாராளம். 4.5 கிலோவாட் இதையே நான்கு நிமிடத்துக்குள் செய்யும். அந்த ஒன்றேமுக்கால் நிமிடத்துக்காக ஆறரை ஆம்பியர் கூடுதலாக இழுக்க வேண்டுமா?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். டேங்க்லெஸ் ஹீட்டர் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் 18 கிலோவாட், 21 கிலோவாட், 27 கிலோவாட் என்று வரும், பயமாக இருக்கும். ஜெர்மனியில் வீட்டுக்கு வருவது த்ரீ பேஸ், 400 வோல்ட். குழாய்த் தண்ணீர் 10 டிகிரி. அவர்கள் ஷவரில் நின்று குளிக்கிறார்கள், நிமிடத்துக்கு எட்டு லிட்டர் என்று வைத்தாலும் 28 டிகிரி ஏற்ற 16 கிலோவாட் பக்கம் வந்துவிடுகிறது. ஓடுகிற தண்ணீர் ஓடும்போதே சூடாகியாக வேண்டும், காத்திருக்க முடியாது. நமக்கு அந்த அவசரம் கிடையாது. நாம் வாளியில் பிடித்துச் சொம்பால் மொண்டு குளிக்கிறவர்கள். தண்ணீர் மெதுவாக வந்தாலும் வாளியில் சேர்ந்துகொள்ளும். தண்ணீரும் நம் ஊரில் ஐஸ் மாதிரி வருவதில்லை. இந்த இரண்டு காரணத்தால் காவிரி டெல்டாவில் ஒரு சாதாரண வீட்டுக்கு 3 கிலோவாட் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஷவர்தான் வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 2.7 லிட்டரில் ஷவர் சொட்டத்தான் செய்யும், அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது வோல்டேஜ். அண்ணன் கொடுத்துவிட்டுப் போன மல்டிமீட்டரை வைத்து ஒரு வாரம் எழுதினேன். ராத்திரி பத்து மணிக்கு 228, 230 என்று இருக்கிறது. காலை ஆறு மணிக்கு 212, 208. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாட்களில் நம் வாய்க்காலுக்கு முறை இல்லையென்றால் வயல்காட்டுப் போர் மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடும், அன்றைக்கு 195 வரைக்கும் இறங்கியது. எங்கள் வீடு அந்த டிரான்ஸ்பார்மர் லைனில் கடைசிக்கு முந்தின வீடு. ஹீட்டருக்கு வோல்டேஜ் பாதி குறைந்தால் சூடு பாதி குறையும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, கால்வாசி ஆகிவிடும். பவர் வோல்டேஜின் இருமடிக்குத் தக்கபடி போகும். 230-ல் 3 கிலோவாட் தருகிற ஹீட்டர் 195-ல் 2.15 கிலோவாட்தான். வாளி நிறைய ஐந்தரை நிமிடம் எடுத்தது ஏழேமுக்கால் நிமிடம் எடுக்கும். எங்களுக்கு அது பரவாயில்லை. ஸ்டெபிலைசர் போடலாமா என்று கணவர் கேட்டார். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார், ஸ்டெபிலைசர் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்க லைனிலிருந்து இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும், லைன் இன்னும் கீழே இறங்கும், பக்கத்து வீட்டு டியூப்லைட் கண் சிமிட்டும் என்றார். சரியான பேச்சு.

உங்கள் வீட்டில் காலையில் 180-க்குக் கீழே போகிறது என்றால் இன்ஸ்டன்ட் பக்கமே போகாதீர்கள், 15 லிட்டர் டேங்க் வைத்த, 2 கிலோவாட் ஸ்டோரேஜ் கீசர் வாங்குங்கள். அது ஒன்பது ஆம்பியருக்குள் இழுத்து, இருபது நிமிடத்தில் 23 டிகிரித் தண்ணீரை 60-க்குக் கொண்டுபோய் வைத்துவிடும், பச்சைத் தண்ணீர் கலந்தால் 35 லிட்டர் பக்கம் குளிக்கத் தேறும். வோல்டேஜ் குறைந்தால் கொஞ்சம் முன்னாடியே சுவிட்சைப் போட்டால் முடிந்தது. எங்கள் வீட்டில் அதை வேண்டாம் என்று வைத்ததற்கு ஒரே காரணம் அம்மா சுவிட்சை மறந்துவிடுவார் என்பது, நாள் முழுக்க அது சூடாகி ஆறிச் சூடாகி மீட்டரைச் சுற்றிக்கொண்டிருக்கும். சோலாரையும் யோசித்தோம். ஐப்பசி கார்த்திகையில் வெயிலே எட்டிப் பார்க்காத நாட்களில்தான் அம்மாவுக்கு வெந்நீர் கட்டாயம் தேவை, அதனால் விட்டுவிட்டோம்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா பையன் அங்கே வீட்டில் மாட்டுகிற மாதிரி டேங்கே இல்லாத, தண்ணீர் ஓடினால் மட்டும் தானாகப் பற்றிக்கொள்கிற ஹீட்டரை அனுப்பி வைக்கிறேன் என்றான். பார்க்க மெல்லிசாக, ஒரு பரீட்சை அட்டை அளவில் அழகாக இருக்கும். அந்த மாடல் விவரக் குறிப்பை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தோம், குறைந்தபட்ச அழுத்தம் 0.3 பார் என்று போட்டிருந்தது. எங்கள் டேங்கின் அடி மட்டத்துக்கும் குழாய்க்கும் உயரம் இரண்டு மீட்டர். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்று கணக்கு, அப்படியானால் எங்களுக்குக் கிடைப்பது 0.2. உள்ளே இருக்கும் ஃப்ளோ சுவிட்சைத் தள்ளவே தெம்பு பத்தாது, ஹீட்டர் பற்றாது. மாடி வீட்டுக்காரர்கள், பிரஷர் பம்பு வைத்தவர்கள் அதை வாங்கலாம். கடைசியில் நாங்கள் எடுத்தது உள்ளே 3 லிட்டர் சின்ன டேங்க் இருக்கிற, எல்லாக் கடையிலும் இன்ஸ்டன்ட் என்று விற்கிற வகை. கண்டிப்பாகப் பார்த்தால் இது முழு டேங்க்லெஸ் ஆகாது. ஆனால் அழுத்தம் குறைவான வீட்டுக்கு இதுதான் ஒத்துவரும். விலை 3,400 ரூபாய். வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையையும், இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கான ஐஎஸ் 8978 என்ற எண்ணையும் பெட்டியில் பார்த்து வாங்கினேன். குழாயிலேயே திருகி மாட்டுகிற பிளாஸ்டிக் ஹீட்டர் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே சந்தையில் கிடைக்கிறது, அதை ராடுக்கு அண்ணன் தம்பி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் எழுதியே ஆக வேண்டும். அண்ணன் ஏழு மணிக்கே வந்துவிட்டார், கூட ஒரு பையன். மெயினிலிருந்து குளியலறைக்கு என்று தனியாக 4 ஸ்கொயர் ஒயர் இழுத்தார். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர்தானே, இரண்டரை போதாதா என்று கேட்டேன். போதும்தான், ஆனால் 20 மீட்டர் ஓடுகிறது, ஏற்கெனவே வோல்டேஜ் குறைவு, இரண்டரையில் நான்கு வோல்ட் போகும், நான்கில் இரண்டரை வோல்ட்தான் போகும், நாளைக்கு வாஷிங் மெஷின் வைத்தாலும் தாங்கும் என்றார். ப்ளக்கே கிடையாது, சுவரில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கிற 20 ஆம்பியர் டிபி சுவிட்ச் வைத்து ஒயரை நேரடியாக முறுக்கிவிட்டார். அதைக் குளியலறைக்கு வெளியே, கதவை ஒட்டி வைத்தார், ஈரக் கையோடு தொட முடியாது.

அப்புறம் எர்த். இதில்தான் அரை நாள் போனது. நம் பக்கம் பல வீடுகளில் எர்த் ஒயர் மூன்றாவது பின் வரைக்கும் வரும், அதற்கு மேல் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் ஒரு 100 வாட் குண்டு பல்பை எடுத்து முதலில் பேசுக்கும் நியூட்ரலுக்கும் கொடுத்தார், பளிச்சென்று எரிந்தது. அதையே பேசுக்கும் எர்த்துக்கும் கொடுத்தார். உள்ளே இழை மட்டும் செக்கச்செவேல் என்று, அணையப்போகிற தணல் மாதிரி தெரிந்தது. “பாத்தீங்களா, உங்க எர்த்து உசுரோட இல்ல” என்றார். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், எப்போதும் ஈரம் காயாத இடமாகப் பார்த்து, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். நம் களிமண் ஈரத்தோடு இருக்கும்வரை எர்த்துக்கு நல்ல மண்தான். கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிட்டால் கதை வேறு, அதனால் சித்திரை வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார், ஊற்றுகிறேன். திரும்ப பல்பைப் போட்டபோது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எரிந்தது. அதற்குப் பிறகு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்தார். போகிற கரண்டுக்கும் திரும்பி வருகிற கரண்டுக்கும் அந்த அளவு வித்தியாசம் வந்தாலே, அதாவது யார் உடம்பு வழியாகவோ ஈரத் தரை வழியாகவோ கசிந்தாலே, கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். கரண்டு அளவு மீறினால் தானாக அணைகிற எம்சிபி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபிதான். அம்மாவுக்கு நடந்த அன்றைக்கு எங்கள் போர்டில் இது இருந்திருந்தால் என்று இன்னமும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒயர், சுவிட்ச், எர்த், ஆர்சிசிபி, கூலி எல்லாம் சேர்த்து 9,800 ரூபாய் ஆனது, ஹீட்டரைப் போல மூன்று மடங்கு. ஹீட்டரை மட்டும் வாங்கி மாட்டினால் 3,400-ல் முடியுமே என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம் அந்த இளகிய ப்ளக்கைக் காட்டுகிறேன், தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

குழாய் விஷயம் சுருக்கமாக. வெந்நீர் வருகிற பக்கம் சாதாரண பிவிசி போடக்கூடாது, சூட்டில் இளகும், சூடு தாங்குகிற சிபிவிசிதான். ஹீட்டரை வாளி வைக்கிற குழாய்க்கு எவ்வளவு பக்கத்தில் மாட்ட முடியுமோ அவ்வளவு பக்கத்தில் மாட்டுங்கள், எங்களுக்கு ஒரு மீட்டர்தான் தூரம்.

தினமும் எப்படி ஓடுகிறது என்றால், சுவிட்சைப் போட்டு இரண்டரை நிமிடம் காத்திருந்தால் உள்ளே இருக்கும் 3 லிட்டரும் நன்றாகச் சூடேறி லைட் அணையும். அப்போது குழாயைத் திறந்தால் முதலில் வருகிற ஒரு லிட்டர் கொதியாக வரும், அளந்ததில் 58 டிகிரி இருந்தது. வயசானவர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை முக்கியமாகச் சொல்லி வைக்க வேண்டும், குழாய்க்கு நேராகக் கையை நீட்டக்கூடாது, முதலில் வாளியில் விழட்டும். அப்புறம் படிப்படியாக இறங்கி ஒரே சூட்டில் நிற்கும். அந்தச் சூடு தண்ணீரின் வேகத்தைப் பொறுத்தது. ஹீட்டருக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில் இருக்கும் ஆங்கிள் காக்கைத் திருகித் திருகி, ஐந்து லிட்டர் பெயின்ட் வாளியையும் போன் ஸ்டாப்வாட்சையும் வைத்து, 1 நிமிடம் 50 நொடியில் ஐந்து லிட்டர் நிறைகிற இடத்தைக் கண்டுபிடித்தேன். அதுதான் நிமிடத்துக்கு 2.7. அந்த இடத்தில் கைப்பிடிக்கும் உடம்புக்கும் நேராகச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். வோல்டேஜ் குறைந்த நாளுக்கு இன்னும் உள்ளே தள்ளி இரண்டாவது கோடு. அம்மாவுக்கு இப்போது எந்தக் கோடு என்று என்னைக் கேட்க வேண்டியதில்லை. மோட்டார் சத்தம் வயல் பக்கம் கேட்டால் இரண்டாவது கோட்டுக்குத் திருப்பிக்கொள்கிறார்.

கரண்டு செலவு. 15 லிட்டரை 16 டிகிரி ஏற்ற 0.28 யூனிட். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு யூனிட்டுக்குக் கீழே. கார்த்திகையும் மார்கழியும் அடங்கிய பில்லில் அதற்கு முந்தினதை விட 52 யூனிட் கூடியிருந்தது, கணக்குக்கு ஒத்து வருகிறது. இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறிவிடும் என்பதால் ஏசி வைத்திருப்பவர்கள் மட்டும் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பதினோராவது மாதம் ஹீட்டர் சூடாவதை நிறுத்திவிட்டது. வாரண்டி இருந்தது. கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தால் 48 மணி நேரத்தில் ஆள் வரும் என்றார்கள், ஒன்பதாவது நாள் வந்தார்கள், அதுவும் நான்கு தடவை போன் செய்த பிறகு. எங்கள் ஊர் அவர்கள் லிஸ்டில் தஞ்சாவூருக்கா கும்பகோணத்துக்கா என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. வந்த பையன் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு, வாரண்டி பார்ட்டுக்குத்தான், வந்து போன சார்ஜ் தனி என்று 350 ரூபாய் கேட்டான். வாரண்டி அட்டையில் அப்படி எழுதவில்லை என்று காட்டியும் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஒன்பது நாளும் ஐப்பசி அடைமழை. அம்மாவுக்கு அண்டாவை வெளியே எடுத்து நானே அடுப்பு மூட்டினேன், ஈர மட்டை புகைந்து கண்ணெல்லாம் எரிந்தது. கஜா புயல் வந்த 2018 நவம்பரில் வாரக்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள், அதனால் அண்டாவை விற்கவே மாட்டேன் என்று அம்மா சொன்னதை அன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

அந்தப் பையன் ஹீட்டரைத் திறந்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். காயில் மேல் வெள்ளையாக, முட்டை ஓடு கனத்துக்குச் சுண்ணாம்பு படிந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. எங்கள் போர் தண்ணீர் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, 640 மில்லிகிராம். இதற்கே இப்படி. படிவு சேர்ந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கி அதை எரித்துவிடும். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அண்ணனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்து, உள்ளே எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுகிறோம். அதோடு டேங்க் காலியாக இருக்கும்போது ஹீட்டரைப் போடவே கூடாது. காலையில் முதலில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சுவிட்ச் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

நாகப்பட்டினம் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்கா இதே ஹீட்டரைத் தனக்கும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் வீட்டுத் தண்ணீர் உப்பு, போன தடவை அளந்தபோது டிடிஎஸ் 1,900 காட்டியது, குடிநீருக்கு அனுமதிக்கிற உச்ச வரம்பே 2,000. அந்தத் தண்ணீருக்குச் சிங்கப்பூர்த் தம்பி சொன்ன வகையில் சில மாடல்களைத் தொடவே கூடாது, உள்ளே உறையில்லாத வெறும் கம்பிச் சுருளே தண்ணீரில் நனைந்துகொண்டு சூடாகும், உப்புத் தண்ணீர் கரண்டை அதிகமாகக் கடத்தும் என்பதால் தண்ணீர் வழியாகக் கசிவு வந்துவிடும். உறை போட்ட காயில்தான் வேண்டும், எர்த்தும் ஆர்சிசிபியும் அவளுக்கு என்னை விட அவசியம். பொங்கலுக்குப் போனபோது மல்டிமீட்டரைக் கொடுத்துவிட்டு வந்தேன். தினமும் காலை ஆறு மணி வோல்டேஜையும், குழாயில் ஐந்து லிட்டர் நிறைய எத்தனை நொடி என்பதையும் எழுதி அனுப்புகிறாள், இதுவரை நான்கு நாள் கணக்கு வந்திருக்கிறது. ஒரு வாரம் முடிந்ததும் அண்ணனிடம் காட்டிவிட்டுத்தான் கடைக்குப் போவோம்.